ஏரியல் கொயில் கருகிய கிழமை

முதலில் வந்தது மணம். அரக்கும் கடதாசியும் சேர்ந்து கருகும் காட்டமான மணம். இருபத்தைந்து வருடம் றேடியோ திருத்திப் பழகிய மூக்கு எனக்கு. கிணற்றடியில் தலைக்கு வார்த்துக்கொண்டு நின்றவன், வாளியை அப்படியே போட்டுவிட்டு ஈரச் சாரத்தோடு உள்ளே ஓடினேன்.

மாமி, அதாவது என் மனைவி மலரின் தாய், றேடியோவுக்கு முன்னால் ஸ்டூலில் இருந்தார். ஆறு மணியாக ஐந்து நிமிடம் இருந்தது. றேடியோவின் முதுகிலிருந்து நூல் போலப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"நான் ஒண்டும் செய்யல்ல மருமகன். ஒரு பொரிவு பொரிஞ்சிது. மறுகா சத்தமே இல்ல."

பிளக்கைப் பிடுங்கினேன். ஏரியல் வயரைக் கழற்றுவோம் என்று ஈரக் கையால் தொட்டேன். அது என்னைத் தூக்கி அலுமாரியோடு அடித்தது. கறண்ட் எடுக்காத வயரில், பிளக் பிடுங்கிய றேடியோவில், எங்கிருந்து கறண்ட் வந்தது? நிலத்தில் கிடந்தபடியே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை வாய் திறந்து சொல்லத்தான் மனம் வரவில்லை.

"இடி மாமி," என்றேன். "தூரத்தில எங்கயோ இடி விழுந்திருக்கு. ஏரியல் இழுத்திட்டுது."

மாமி யன்னலால் வெளியே பார்த்தார். வெளியே வெயில் இன்னும் மஞ்சளாக எறித்துக்கொண்டிருந்தது. எழும்பி வந்து, என்னைத் தூக்கி விடக் கை நீட்டினார்.

மாமியின் ஆறு மணி

வால்வு றேடியோ ஒன்று கெட்டுப்போனதற்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மாமியின் கடைசி மகன் தவம். வடக்கே போனவன். எப்படிப் போனான், யாரோடு போனான் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கொரு கதை இருக்கிறது, அவரவர் கதை அவரவரோடு. சுனாமி வந்து சில மாதங்களுக்குப் பிறகு ஒருவர் கையில் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தனுப்பியிருந்தான். "அம்மா இருக்கிறாவா?" என்ற ஒரு வரி மட்டும். இருக்கிறா என்று எழுதி அதே ஆளிடம் கொடுத்தோம். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. பிறகு பாதை பூட்டுப்பட்டது. சேதியும் நின்றது.

இப்போது நான் சொல்வது சண்டை முடிகிற கடைசிக் காலம். சனங்கள் கூட்டங்கூட்டமாக வெளியே வந்து முகாம்களில் அடைபட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு வெளிநாட்டு வானொலி, மாலைத் தமிழ் ஒலிபரப்பின் கடைசிப் பத்து நிமிடம், ஆறு மணியிலிருந்து, முகாமுக்கு வந்து சேர்ந்தவர்கள் உறவினரைத் தேடி அனுப்பும் சேதிகளை வாசித்தது. ஒரு சேதியை இரண்டு நாள் வாசிப்பார்கள். மூன்றாம் நாள் வேறு பெயர்கள்.

மாமி ஒரு நாளும் தவறவிடவில்லை. ஐந்தரைக்கு முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு வந்து இருப்பார். வால்வு சூடேறி, முகப்பில் பச்சைக் கண் போன்ற விளக்கு விழிக்கும் வரை மடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்திருப்பார். நிலையம் பிடிக்கும் முள்ளைத் தொட என்னைக்கூட விடமாட்டார்.

கையடக்கமான சீனத்து றேடியோ ஒன்றும் வீட்டில் இருந்தது. அதில் அந்த நிலையம் பிடிபடாது. தலைகீழாக நின்றாலும் இரைச்சல்தான். அந்தப் பழைய பெட்டியும் நாற்பது அடி ஏரியலும் சேர்ந்தால்தான் அந்தக் குரல் எங்கள் வீட்டுக்கு வரும்.

ஆகவே கருகியது ஒரு கொயில், ஒரு சின்னக் கம்பிச் சுருள் என்றால், அன்று மாமிக்கு மூடுண்டது ஒரு வாசல். மூடியவன் நான்.

சைக்கிளில் வந்த சீதனம்

இந்த றேடியோ எங்கள் வீட்டுக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் பகுதியில் வீடு வளவு பெண்ணுக்கு. மாப்பிள்ளை என்பவன் உடுத்த உடுப்போடு பெண் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியவன். நான் மட்டும் கொஞ்சம் மிடுக்காக, சைக்கிள் கரியரில் இந்த றேடியோவைக் கட்டிக்கொண்டு மட்டக்களப்பு நாவற்குடாவுக்கு வந்தேன். ஒழுங்கையில் நின்ற பெண்கள், "மாப்பிள்ளை சீதனத்தோட வாறார்" என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் காதில் ஒரு வருடம் கிடந்தது.

பட்டணத்துப் பறங்கிக் கனவான் ஒருவர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போகும்போது என் கடைக்குத் திருத்தக் கொண்டுவந்து, திருத்தி முடித்ததும், "நீரே வைத்துக்கொள்ளும்" என்று தந்துவிட்டுப் போனது அது. தேக்குப் பெட்டி, ஐந்து வால்வு, துணி போர்த்திய ஸ்பீக்கர். இசைத்தட்டில் பைலா ஆட்டப்பாட்டு போட்டால் அந்த மனிதர் தன் வயதை மறந்துவிடுவார். போகிற அன்று றேடியோவின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார்.

சுனாமிக்கும் அது தப்பியது. அன்று காலை நாங்கள் கிடந்தது கிடக்க வாவிப் பக்கம் ஓடினோம். திரும்பி வந்தபோது யன்னல் மட்டத்துக்குச் சேறு. கட்டில் இல்லை, அலுமாரி குசினிக்குள் குப்புறக் கிடந்தது. றேடியோ மட்டும் உயரச் சீமெந்துத் தட்டில், ஒன்றும் நடக்காதது மாதிரி இருந்தது. மாமி அதைப் பார்த்துவிட்டுத்தான் அன்று முதல்முதலாக அழுதார். ஏன் என்று கேட்க எனக்குத் துணிவு இல்லை.

நடுவில் ஒன்று. நான் இந்தப் பத்தியில் இத்தனை வாரமாக மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுதியும், அதில் இருப்பதாகச் சொல்லும் பாடும் மீனைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை என்று ஒரு வாசகர் கோபித்திருக்கிறார். ஐயா, காலை முதல் மாலை வரை ஆறு றேடியோவின் இரைச்சலுக்கு நடுவில் இருந்தவன் நான். எந்த மீன் பாடி எனக்குக் கேட்கும்?

என் கோபம் செய்த வேலை

ஏரியல் கம்பி முதலில் இரண்டு தென்னைகளுக்கு நடுவில் உயரக் கட்டியிருந்தது. ஒரு தென்னையைக் கடல் கொண்டுபோனது. மிஞ்சியதிலிருந்து கொய்யா மரத்துக்குத் தாழப் பதித்துக் கட்டினேன். பதித்துக் கட்டினால் என்ன நடக்கும்? மாமி அதில் சேலை காயப்போட்டார்.

ஈரச் சேலை போட்டால் கம்பி தொய்யும். தொய்ந்தால் நிலையம் மங்கும். "மாமி, இது கொடி இல்ல, ஏரியல்" என்று நான் சொல்லாத நாள் இல்லை. "ஓம் மருமகன், மறந்திட்டன்" என்று அவர் சொல்லாத நாளும் இல்லை. மறுநாள் பார்த்தால் சேலையோடு தலையணை உறையும் தொங்கும்.

ஒரு நாள் எனக்கு மண்டை வெடித்துவிட்டது. இனி எட்டுதா பாருங்கள் என்று கறுவிக்கொண்டு, கம்பியின் அந்தத் தலைப்பை அவிழ்த்து, ஒழுங்கையில் நிற்கும் கறண்ட் கம்பத்தில் உயரக் கட்டிவிட்டேன். றேடியோ திருத்துகிறவன், ஏரியலைக் கறண்ட் கம்பத்தில் கட்டினான். படித்துப் படித்து ஊருக்குச் சொன்ன புத்தி எனக்கு இல்லாமல் போனது.

எதிரே பலகைக் கொட்டிலில் குணம் இருந்தான். வாவியில் வலை வீசுகிறவன், கடலோரத்தில் இருந்த வீட்டை இழந்து வந்தவன். பின்னேரமானால் மூங்கில் தடியால் ஒரு கொழுக்கியைத் தூக்கி வீதிக் கம்பியில் கொழுவி வெளிச்சம் எடுப்பான். விடிந்தால் கழற்றிவிடுவான். அந்த ஒழுங்கையில் பாதிப் பேர் அப்படித்தான்.

றேடியோ கருகிய அன்று கச்சான் காற்று. வயல் பக்கத்துச் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு மேற்கிலிருந்து வீசும் காற்று. அது குணத்தின் கொழுக்கி வயரை ஆட்டி ஆட்டி, பக்கத்தில் நான் கட்டிய ஏரியலோடு உரசவிட்டது. வீதிக் கறண்ட் முழுவதும் ஏரியலால் இறங்கி, தலைமயிர் பருமன் கொயிலுக்குள் புகுந்து, நிலத்தில் அடித்த பூமிக் கம்பியைத் தேடிப் போனது. கொயில் தாங்குமா?

நான் பாய்ந்து போய்க் கத்தினேன். குணம் கொழுக்கியைக் கழற்றிவிட்டு, கம்பத்தை அண்ணாந்து பார்த்தான்.

"றேடியோ அண்ணன், கொழுக்கி என்ட பிழைதான். ஆனா அந்தக் கம்பிய அதில கட்டினது ஆரு?"

மூக்கு உடைபட்டுத் திரும்பி வந்தேன். வரும்போதுதான் இன்னொன்று நெஞ்சில் அடித்தது. அந்தக் கம்பி கறண்டோடு தொய்ந்து கீழே இறங்கி, மாமி ஈரச் சேலையோடு தொட்டிருந்தால்? அன்றே கம்பியை அவிழ்த்துப் பழையபடி கொய்யாவில் கட்டினேன்.

பாலத்தடியில் ஒரு சோல்டர் அயன்

றேடியோவைப் பட்டணத்தில் இருந்த என் கடைக்குக் கொண்டுபோக முடியாது. பட்டணத்துக்குப் போகும் கல்லடிப் பாலத்தில் சோதனைச் சாவடி. உள்ளே வயரும் குமிழும் நிறைந்த பெரிய பெட்டியோடு அந்த நாட்களில் பாலம் கடப்பவன், பிறகு வீட்டுக்குத் திரும்புவானா என்று சொல்ல முடியாது. ஆகவே கடையில் இருந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மீற்றர், கம்பிகளைப் பற்றவைக்கும் சோல்டர் அயன், ஈயம், பூதக்கண்ணாடி.

சாவடியில் ஒரு சின்ன வயது ஆமிக்காரர் சோல்டர் அயனைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கூட்டினாலும் ஒரு வாக்கியம் தேறாது. "றேடியோ... அம்மா... அழுறா" என்று தமிழிலும் கையிலும் சொன்னேன். அவர் என்ன விளங்கினாரோ, அயனைப் பைக்குள் வைத்து, போ என்று தலையசைத்தார்.

அது இரண்டாம் நாள். ஆறு மணி வந்தது, போனது. மாமி வழக்கம்போல முகம் கழுவி வந்து, திறந்து கிடந்த பெட்டிக்கு முன்னால் இருந்தார். ஏன் இன்னும் சரிவரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கேட்கவில்லை.

பெட்டிக்குள் சுண்டுவிரல் அளவில், கொயில் சுற்றிய மூன்று கடதாசிக் குழாய்கள் நின்றன. அந்த நிலையம் வரும் சிற்றலைக்குரிய குழாயில் இரண்டு கம்பிகள் சுற்றியிருக்கும். தடித்த கம்பி நிலையத்தைத் தெரிந்தெடுக்கிறது, அது தப்பியிருந்தது. அதன் இடுக்குகளில் சுற்றியிருந்த மெல்லிய கம்பிதான் ஏரியலிலிருந்து வருவது. அது கரித்தூளாகக் கிடந்தது. ஊதினால் பறந்தது.

மெல்லிய கம்பிக்குப் பழைய கசட் றெக்கோடர் ஒன்றின் மின்மாற்றியைப் பிரித்தேன். மலர் ஒரு நுனியைப் பிடிக்க, நான் மற்ற நுனியை இழுக்க, இரண்டு தடவை அறுந்து, மூன்றாம் தடவை முழங்கை நீளம் ஒழுங்காக வந்தது.

"இந்தப் பொறுமையில பாதி அம்மாட்டக் காட்டியிருக்கலாம்," என்றாள் மலர். நான் கேட்காதது மாதிரி இருந்துகொண்டேன்.

எத்தனை சுற்று?

கம்பி கிடைத்தாலும், எத்தனை சுற்று என்று தெரிய வேண்டும். எரிந்த கம்பி அரக்கில் விட்டுப்போன தடங்களைப் பூதக்கண்ணாடியால் எண்ணினேன். குழாயின் அரைவாசி கருகியதால் அந்தப் பக்கத்துத் தடங்கள் இல்லை. ஒன்பது என்று ஒரு தரம் வந்தது. ஏழு என்று இன்னொரு தரம். குறைவாகச் சுற்றினால் சத்தம் சோரும், கூடச் சுற்றினால் பக்கத்து நிலையமும் சேர்ந்து உள்ளே வரும். கூடினால் கழற்றலாம் என்று ஒன்பது சுற்றினேன். தேன்மெழுகை உருக்கிச் சொட்டி நுனியை ஒட்டினேன். வீட்டில் கிடந்த கருகல் வாடை போய் மெழுகு மணந்தது.

நான்காம் நாள், ஆறு மணிக்குக் கொஞ்சம் முன். பச்சைக் கண் விழித்தது. முள்ளை மாமி நகர்த்தினார். குரல் வந்தது. ஆனால் அதற்குப் பின்னால் எங்கோ அரபு நாட்டுப் பாட்டு ஒன்றும் விடாமல் வந்தது.

"இது அந்தப் பொம்பிளட குரல்தான்," என்றார் மாமி. "ஆனா அவக்குப் பின்னால ஒருத்தன் நிண்டு பாடுறான்."

ஒரு சுற்றைக் கழற்றினேன். "பாட்டுக் குறையுது. இன்னும் போகல்ல." இன்னொன்றைக் கழற்றினேன். ஈயம் விரலைச் சுட்டது. பாட்டுக்காரன் ஒழிந்தான். அந்தப் பெண் அறிவிப்பாளர் எங்கள் வீட்டுக்குள் நின்று பேசுவது போலப் பேசினார்.

"இனித் தொடாதீங்க," என்றார் மாமி.

அந்த நேரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமி, அண்டைக்கு இடி விழல்ல. நான்தான் கம்பியக் கம்பத்தில..."

"தெரியும் மருமகன். வானத்தில ஒரு மேகம் இருந்ததா? இப்ப பறையாம இரிங்க, பேர் வாசிக்கப் போறாங்க."

மூன்று மாலைகள் எங்கள் வீட்டில் பெயர் கேட்கவில்லை. இரண்டு நாள் வாசித்து விட்டுவிடும் சேதி ஒன்று அந்த மூன்றுக்குள் வந்து போயிருக்கலாம். 

வாசித்த பெயர்

அன்று தவத்தின் பெயர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுத்த கிழமை ஒரு நாள், அறிவிப்பாளர் "மட்டக்களப்பு, நாவற்குடா" என்றார். மாமியின் கை என் முழங்கையைப் பிடித்தது.

"கடற்கரை ஒழுங்கையைச் சேர்ந்த தாய் தங்கம்மா, தந்தை கணபதிப்பிள்ளை, அக்கா வசந்தி, தம்பி ரூபன். இவர்களில் யாராவது ஒருவர் இருந்தால், மகள் சுகந்தி வவுனியா முகாமில் இருக்கிறேன். கணவர் உயிரோடு இல்லை. கோபத்தை மறந்து ஒரு பதில் தரவும்."

சுகந்தி எங்கள் ஊர்ப் பெண். சுனாமிக்கு மூன்று நான்கு வருடம் முந்தி, வன்னியிலிருந்து வேலைக்கு வந்த ஒரு மேசனை விரும்பி அவனோடு வடக்கே போனவள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். இவள் அவன் பின்னால் போனாள். இனி அவள் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்றார் தகப்பன். யாரும் சொல்லவில்லை, எழுதவுமில்லை. கடல் வந்த அன்று அந்த வீட்டில் இருந்த நாலு பேரும் போய்விட்டார்கள். வீடிருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மிச்சம்.

"இவர்களில் யாராவது ஒருவர்" என்று கேட்டிருந்தாள். ஒருவரும் இல்லை.

 மாமி றேடியோவைத் தானே நிறுத்தினார்.

"மருமகன், வவுனியாவுக்கு எந்த பஸ்?"

என்ன முறை?

எல்லாம் நினைத்த உடனே நடந்துவிடவில்லை. கடிதம், கிராம சேவையாளரின் கையெழுத்து, காத்திருப்பு. ஒரு வழியாக நானும் மாமியும் போய்ச் சேர்ந்தபோது முகாம் வாசலில் வெயிலில் ஒரு நீண்ட வரிசை. மேசையில் இருந்த தமிழ் இளைஞர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, நீங்கள் அவவுக்கு என்ன முறை?"

"பெரியம்மா."

 எனக்குத் தெரிய அந்தக் குடும்பத்தோடு எங்களுக்குச் சொந்தம் எதுவும் இல்லை. பொய் என்று பிடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அவவின்ர அம்மா உங்கட கூடப் பிறந்த தங்கச்சியோ?"

"கூடப் பிறக்கல்ல தம்பி. நானும் அவட தாயும் ஒரு குடி. கோயில்ல ஒரே நாள் பூசை எங்களுக்கு. எங்கட பக்கத்தில ஒரு குடிப் பொம்பிளைகள் அக்கா தங்கச்சி. அவள் எனக்கு இளையவள். அப்ப நான் பிள்ளைக்குப் பெரியம்மாதானே?"

குடி என்பது எங்கள் பக்கத்தில் வழிவழியாகத் தாய்வழியில் வரும் குலம். மாமி சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்தத் தம்பி மாமியின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். குனிந்து, பெரியம்மா என்று எழுதினார்.

முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் சுகந்தி ஓடிவந்தாள். மெலிந்து, கறுத்து, வேறு யாருடையதோ சட்டை. முதலில் எங்களைப் பார்த்தாள். பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அம்மா வரல்லயா?"

மாமி கம்பி இடுக்கால் விரல்களை விட்டு அவள் கையைப் பிடித்தார். "அம்மா இல்ல மகள். அப்பாவும் இல்ல. அக்காவும் தம்பியும் இல்ல. நாலு பேரும் சுனாமியோட போயிட்டாங்க. நான் இரிக்கன். நான் உன்னக் கூட்டிப் போவன்."

நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் அழுத சத்தம் மட்டும் கேட்டது. நேரம் முடிந்தது என்று சொல்லும் வரை மாமி அந்தக் கையை விடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நான் மெல்லக் கேட்டேன். "மாமி, தவத்தைக் கண்டாளா எண்டு ஒரு சொல் கேட்டிருக்கலாமே?"

"இண்டைக்கு அவளுக்கு அழ நாலு பேர் இரிக்காங்க மருமகன். என்ட கேள்வியையும் அவட தலையில வைக்கிறதா?"

மாதங்கள் கழித்து, பொறுப்பேற்க ஆள் இருந்தவர்களை விடத் தொடங்கினார்கள். சுகந்தி ஒரு சின்னப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். முதல் நாள் கிணற்றடியில் நெடுநேரம் குளித்தாள். இரண்டாம் நாள் கடற்கரை ஒழுங்கைக்குத் தனியாகப் போய் வந்தாள். மாமி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது என்ன பாடு என்று அவர் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம், அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டு, சட்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

"மகள், அங்க எங்கட தவத்தைக் கண்டியா?"

சுகந்தியின் கை சோற்றில் நின்றது.

"இல்ல பெரியம்மா. காணல்ல."

"சரி. நீ சாப்பிடு," என்றார் மாமி. குழம்புச் சட்டியில் கிடந்த பெரிய மீன் துண்டை எடுத்து அவள் சோற்றுக் கோப்பையில் வைத்தார்.